குட்டை மாமரம்: கடையில் தேட வேண்டாம், நாமே ஒட்டுக்கட்டலாம்

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் நர்சரிக்குப் போனதும் கேட்கிற முதல் கேள்வி, "குட்டை ரகம் மாங்கன்று இருக்கா?" இருக்கு என்றுதான் பதில் வரும். தொட்டியில் இடுப்பு உயரத்தில் இரண்டு காயோடு நிற்கும் ஒரு கன்றைக் காட்டுவார்கள். காயைக் கண்டதும் மனசு மயங்கிவிடும், விலையும் கூடிவிடும். ஆனால் அந்தக் கன்று எதனால் குட்டையாக நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஐந்து சென்ட் மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு மரம் தப்பிப்போனால் நாலைந்து வருஷம் போச்சு. அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பதில் தெரிந்துவிட்டால் ஒரு பிளேடும் பாலிதீன் நாடாவும் போதும், நமக்கு வேண்டிய மரத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம்.

இடுப்பு உயரத்தில் காய்ப்பதாலேயே ஒரு கன்று குட்டை ரகம் ஆகிவிடாது. காய்க்கிற மரத்திலிருந்து எடுத்த குச்சியை எந்தக் கன்றின் மேல் ஒட்டினாலும், அந்தக் குச்சிக்கு வயசு ஏற்கெனவே ஆகிவிட்டது. கொட்டையிலிருந்து வரும் கன்று ஆறு ஏழு வருஷமோ அதற்கு மேலுமோ குழந்தைப் பருவத்தில் இருந்துவிட்டுத்தான் பூக்கும். ஒட்டுக்கன்றுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஒட்டின மறுவருஷமே பூக்கும். அது ஒட்டுக்கன்று என்பதற்கு அந்தக் காய் சாட்சி. பத்து வருஷம் கழித்து அது 30 அடி போகுமா, 10 அடியில் நிற்குமா என்பதை அந்தக் காய் சொல்லாது.

சில இடங்களில் இன்னொரு காரணமும் உண்டு. பாக்லோபியூட்ரசால் என்கிற ரசாயனத்தை வேரில் ஊற்றினால், செடியை நீளச் செய்கிற ஜிப்ரலின் சுரப்பது தடைப்படும். கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து செடி கட்டையாக நின்று பூக்கும். பெரிய மாந்தோப்புகளில் பருவம் தப்பிய காய்ப்புக்காக இதை ஊற்றுகிறார்கள். மண்ணில் நீண்ட நாள் தங்கும் சரக்கு அது. இயற்கை விவசாயச் சான்றிதழ் முறையில் இதற்கு இடமில்லை. வாங்குகிற கன்றில் கணுக்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக, இலைகள் கொத்துக் கொத்தாகச் சுருங்கி இருந்தால் நான் அதைத் தொடமாட்டேன்.

ஆப்பிள் வளர்க்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இங்கிலாந்தில் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் வேர்ச்செடிகளைப் பிரித்து எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எம் 27 மேல் ஒட்டினால் ஆள் உயரம், எம் 9 மேல் ஒட்டினால் எட்டு ஒன்பது அடி என்று ஏணிப்படி மாதிரிச் சொல்லிவிடலாம். எந்த ரகத்தையும் அந்த வேரின் மேல் உட்காரவைத்தால் மரம் அடங்கிவிடும். நம் மாமரத்துக்கு அந்த மாதிரி ஏணி கிடையாது. "குட்டை வேர்ச்செடி" என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்த மரத்துக் கொட்டை என்று கேளுங்கள்.

அதற்காக வேரால் ஒன்றுமே ஆகாது என்றும் இல்லை. மேற்குக் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள சில மாவகைகளில் ஒரு கொட்டைக்குள் பல கரு இருக்கும். நட்டால் மூன்று நான்கு முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் பிறந்தவை அல்ல, தாய்மரத்தின் திசுவிலிருந்தே வந்தவை. தாயை அப்படியே உரித்துவைத்தது மாதிரி இருக்கும். வெள்ளைக் கொழும்பான், ஒளூர், சந்திரக்காரன், குருக்கன் எல்லாம் இந்த வகை. இதில் வெள்ளைக் கொழும்பான் வேரின் மேல் அல்போன்சாவை ஒட்டினால் மரம் வேகம் குறைந்து குட்டையாக நிற்கிறது என்று ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். அந்தக் கொட்டை கிடைத்தால் விடாதீர்கள். முளைத்ததில் ஒரே அளவாக இருக்கும் கன்றுகளை வைத்துக்கொண்டு, சவலையாகத் தனித்துத் தெரிவதைப் பிடுங்கிப் போடலாம். நீலம், பங்கனப்பள்ளி, அல்போன்சா போன்ற நம் பெரும்பாலான ரகங்களுக்கு ஒரு கொட்டைக்கு ஒரு கருதான். அந்தக் கன்றுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். வேர்ச்செடியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்று ஓங்கும், ஒன்று ஒடுங்கும்.

வேரைவிட அதிகம் பேசுவது மேலே வைக்கிற ரகம். நீலம் அடக்கமாக வளரும், வருஷா வருஷம் தவறாமல் காய்க்கும். தசேரியையும் நீலத்தையும் கலந்து டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உண்டாக்கிய ஆம்ரபாலி பிறவியிலேயே குட்டை. அதை இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்கு 1,600 மரம் நடலாம் என்றே பரிந்துரை இருக்கிறது. காய்க்கிற மரம் சத்தைக் காய்க்குக் கொடுத்துவிடுவதால் கிளை ஓடுவதும் குறையும். இமாம்பசந்த் அப்படி இல்லை. படர்ந்து வளரும், காய்ப்பும் கொஞ்சம். ருசிக்கு ஆசைப்பட்டு ஐந்து சென்டில் இமாம்பசந்த் வைத்துவிட்டு, மரம் அடங்கவில்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது காரணம் கத்தி. மற்ற இரண்டையும்விட இதுதான் முக்கியம் என்பது என் கட்சி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒட்டுக்கட்டும் வேலை.

மாங்கொட்டையை வெயிலில் காயவைத்து எடுத்துவைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பழத்திலிருந்து எடுத்து ஒரு மாதம் தாண்டினால் முளைப்பு போய்விடும். சாப்பிட்ட அன்றோ மறுநாளோ சதையைக் கழுவி, நிழலில் ஒருநாள் உலர்த்தி, ஓட்டைக் கத்தரியால் ஓரமாக நறுக்கிப் பிளந்து உள்பருப்பை மட்டும் எடுத்து நடுங்கள். முளை நேராக வரும், சீக்கிரமும் வரும். ஓட்டோடு நட்டால் சிலசமயம் தண்டு உள்ளேயே வளைந்து கோணலாகும், கோணல் தண்டில் பிளவு போடுவது சிரமம். ஓட்டைத் திறப்பதில் இன்னொரு லாபம், கொட்டை வண்டு இருந்தால் தெரிந்துவிடும். நீலம் கொட்டையில் இது அதிகம். பருப்பு கருத்து அரித்திருந்தால் அதை எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போட்டால் வண்டு தோட்டத்துக்குள்ளேயே சுற்றும்.

செம்மண், மணல், மக்கின தொழுவுரம் மூன்றும் சமமாகக் கலந்த பையில், பருப்பின் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி ஒரு அங்குல ஆழத்தில் வைத்தால் போதும். தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து பத்துநாள் ஈரத்தில் வைத்திருந்து பயன்படுத்தினால் வேரழுகல் தொல்லை குறையும். இரண்டு மூன்று வாரத்தில் முளை வந்துவிடும்.

இங்கிருந்து இரண்டு வழி. முளைத்துப் பத்துப் பதினைந்து நாளில், இலை இன்னும் செம்புநிறமாக இருக்கும்போதே ஒட்டுவது ஒன்று. கொட்டை ஒட்டு, இளந்தளிர் ஒட்டு என்று சொல்வார்கள். கொங்கணப் பக்கம் மழைக்காலத்தில் இப்படித்தான் அதிகம் செய்கிறார்கள். காற்றில் நல்ல ஈரம் வேண்டும், கையில் நல்ல பழக்கமும் வேண்டும். மற்றொன்று, கன்றை எட்டு மாதம் ஒரு வருஷம் வளரவிட்டு, அடுத்த தடவை செந்தளிர் விடும்போது அந்தத் தளிர்த்தண்டில் ஒட்டுவது. இது மென்தண்டு ஒட்டு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். தண்டு பென்சில் கனம் இருக்கும், கைக்கு அடங்கும், ஒரு தடவை பிடிக்காவிட்டால் அடுத்த தளிரில் திரும்ப ஒட்டலாம்.

மென்தண்டு ஒட்டில் இன்னொரு வசதி, நட வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் போட்டு, அங்கேயே வளர்த்து, அங்கேயே ஒட்டலாம். ஆணிவேர் அறுபடாமல் நேராக இறங்கும். மானாவாரி நிலத்துக்கு இதற்கு மிஞ்சினது இல்லை. ஆனால் ஆணிவேர் ஆழமாகப் போன மரம் மேலேயும் ஓங்கப் பார்க்கும். தண்ணீர் கட்டுகிற சின்னத் தோட்டத்தில் பைக்கன்றில் ஒட்டி நடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தண்ணீர் இல்லாத இடமென்றால் யோசிக்காமல் இடத்திலேயே ஒட்டுங்கள், ஓங்குவதைக் கத்தியால் பார்த்துக்கொள்ளலாம்.

தாய்க்குச்சி தேர்வில்தான் பாதி வெற்றி. தாய்மரத்தின் வெயில் படும் பக்கத்தில், மூன்று நான்கு மாதம் முற்றின, பென்சில் கனமுள்ள நுனிக்கிளையைப் பாருங்கள். பூத்து ஓய்ந்த கிளையும், இப்போதுதான் தளிர்த்துத் தொங்குகிற கிளையும் ஆகாது. நுனிமொட்டு அரிசிமணி மாதிரி உப்பியிருக்க வேண்டும், விரிந்திருக்கக் கூடாது. ஒட்டுவதற்கு எட்டுப் பத்து நாள் முன்பே மரத்திலேயே வைத்து இலைகளை நறுக்கிவிட வேண்டும். காம்பை மட்டும் விட்டுவிடுங்கள். இலை போனதும் அந்தக் கிளை தன்னிடமுள்ள சத்தை மொட்டுக்கு அனுப்பும், காம்புகள் பழுத்து ஒவ்வொன்றாக உதிரும். விரல்பட்டால் காம்பு உதிர்கிறது என்றால் குச்சி தயார். காலை வெயில் ஏறுமுன் நான்கைந்து அங்குல நீளத்துக்கு வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

நத்தம் பக்கம் ஒரு நர்சரியில் முப்பது வருஷமாக ஒட்டுக்கட்டுகிற ஒரு அம்மாவிடம்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். அவர் கையில் ஒட்டுக்கத்தி கிடையாது, சாதாரண சவர பிளேடுதான். ஐம்பது கன்றுக்கு ஒரு பிளேடு என்று மாற்றிவிடுவார். "சீவக்கூடாதுங்கய்யா, இழுக்கணும். ஒரே இழுப்பு. ரெண்டாந்தடவை பிளேடு வச்சீங்கன்னா மேடுபள்ளமாயிரும், மேடுபள்ளத்துல உசுரு ஒட்டாது" என்பார். விஞ்ஞானமும் இதைத்தான் சொல்கிறது. பட்டையை உரித்தால் கட்டையின் மேல் வழவழவென்று ஈரமான மெல்லிய படலம் தெரியும். கேம்பியம் என்று பெயர். புதுத் திசுவை உண்டாக்குவது இதுதான். இரண்டு தண்டின் கேம்பியமும் இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொண்டு இருந்தால், இரண்டு பக்கமும் திசு வளர்ந்து கைகோத்துக்கொள்ளும். காற்று புகுந்தால் காய்ந்துவிடும். வாழைக்கும் தென்னைக்கும் இந்தப் படலம் கிடையாது, அதனால் அவற்றில் ஒட்டுக்கட்ட முடியாது. என்னிடம் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

செய்முறை இவ்வளவுதான். வேர்ச்செடியின் செந்தளிர்ப் பகுதியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மேல்பகுதியை நேராக வெட்டுங்கள். கீழே நாலைந்து இலை இருக்கட்டும். வெட்டின தண்டின் நடுவே ஒன்றரை அங்குல ஆழத்துக்குப் பிளவு. தாய்க்குச்சியின் அடியில் அதே ஒன்றரை அங்குலத்துக்கு இரண்டு பக்கமும் சரித்து இழுத்தால் ஆப்பு மாதிரி வரும். வடிகிற பாலைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஆப்பைப் பிளவுக்குள் இறக்குங்கள். இரண்டு தண்டும் ஒரே கனமாக இல்லாவிட்டால் நடுவில் வைக்காதீர்கள். ஒரு ஓரமாகத் தள்ளி, அந்தப் பக்கத்துப் பட்டையும் பட்டையும் சரியாகச் சேரும்படி வைத்தால் போதும், ஒரு பக்கம் பிடித்தாலே மரம் ஆகிவிடும். மொட்டு மேலே பார்த்திருக்கிறதா என்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு சென்டிமீட்டர் அகலப் பாலிதீன் நாடாவால் கீழிருந்து மேலாக, ஓட்டு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இறுக்கிச் சுற்றுங்கள். அப்படிச் சுற்றினால்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.

ஒட்டின கையோடு குச்சியின் மேல் ஒரு நீளமான பாலிதீன் உறை மாட்டி அடியில் கட்டிவிட வேண்டும். பாக்கெட் ஐஸ் விற்கிற உறை அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். உள்ளே வியர்த்து ஈரம் நிற்கும். கன்றை நிழல்வலையிலோ மரநிழலிலோ வையுங்கள். வெயிலில் வைத்தால் உறைக்குள் குச்சி வெந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் மொட்டு பச்சையாக விரியும்போது, ஒரு மாலைநேரம் பார்த்து உறையை எடுங்கள். நாடாவை அவிழ்க்க அவசரம் வேண்டாம், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒட்டு பருத்து நாடா பதிய ஆரம்பிக்கும்போது அறுத்துவிடலாம். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வரும் துளிர்களைப் பார்த்தவுடன் கிள்ள வேண்டும். அவை எப்போதும் ஒட்டைவிட வேகமாக வளரும். கவனிக்காமல் விட்டால் ஒரு வருஷத்தில் ஒட்டு செத்துக் காட்டுமரம் நிற்கும்.

காலம் என்று பார்த்தால் காற்றில் ஈரம் உள்ள மாதங்கள்: ஆடி ஆவணியில் நல்ல மழை பெய்கிற ஊர்களில் அப்போது, மற்ற இடங்களில் புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை. பங்குனி சித்திரை வெயிலில் முயற்சி செய்ய வேண்டாம். முதல் தடவை பத்துக்கு நாலு பிடித்தால் சந்தோஷப்படலாம். அதற்கு முன் கவாத்து செய்த மாங்குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு ஒரு ஐம்பது ஆப்பு வெட்டிப் பழகுங்கள். மாம்பால் தோலில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும், கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது நல்லது.

நர்சரியில் கிடைக்கிற ரகத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். நீலமும் பங்கனப்பள்ளியும் கிருஷ்ணகிரி சந்தூர் பக்கத்து நர்சரிகளிலேயே வேண்டியமட்டும் கிடைக்கும். நாம் ஒட்டுக்கட்டத் தெரிந்திருக்க வேண்டியது நர்சரியில் கிடைக்காத மரங்களுக்காக. ஊருக்கு ஊர் பேர் தெரியாத நாட்டு மாமரங்கள் இருக்கின்றன. கொட்டையிலிருந்து வந்தவை என்பதால் ஒவ்வொன்றும் உலகத்தில் ஒரே ஒரு மரம். வெட்டினால் அதோடு தீர்ந்தது. அதன் கொட்டையை நட்டாலும் அந்த மரம் வராது.

எங்கள் பக்கத்து ஊரில் சாலை அகலப்படுத்த ஒரு மரத்துக்குக் குறி போட்டார்கள். நாற்பது அடி உயரம், கிணற்றுமேட்டு மரம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அந்தத் தெருவுக்கே அதன் வடுதான் ஊறுகாய்க்கு. நார் இல்லை, பால் காட்டம், ஒரு வருஷம் ஆனாலும் உப்பில் கரையாது. வெட்ட நாலு நாள் இருக்கும்போதுதான் எனக்குத் தகவல் வந்தது. புரட்டாசி மாதம். இலை நறுக்கிக் காத்திருக்க நேரமில்லை. உப்பின மொட்டாகப் பார்த்து 22 குச்சி வெட்டி, அங்கேயே இலைகளை நறுக்கி, ஈரத்துணி சுற்றி, வாழை மட்டைக்குள் வைத்துக் கட்டி எடுத்துவந்தேன். வாழை மட்டைக்குள் குச்சி மூன்று நாள் வாடாது, வெளியூரிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கும் இந்த முறை உதவும். வேர்ச்செடிக்குத் தேடி அலையவில்லை, அந்தத் தெருவின் குப்பைமேட்டிலேயே ஆனியில் வீசின கொட்டைகள் முளைத்து நின்றன. மண்ணோடு பெயர்த்துப் பையில் வைத்து ஒட்டியதில் ஒன்பது பிடித்தது. ஆறு கன்றை அந்தத் தெருவிலேயே கொடுத்துவிட்டேன். மூன்று என் தோட்டத்தில் இருக்கிறது.

நாலாம் வருஷம் காய்த்தது. முதல் வடுவை அந்த மரத்தடி வீட்டு ஆத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்பதைத் தாண்டினவர், கண் சரியாகத் தெரியாது. காம்பைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, "பாலு அதே பாலுதான் தம்பி. ஆனா நாற்பதடி மரத்துல ஏறிப் பறிச்ச காயில்ல, நீ நின்னுக்கிட்டே பறிச்சிருக்க" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த மூன்று மரமும் இப்போது ஏழடிதான். ஒட்டினதால் குட்டையானவை அல்ல, அதன் ரத்தத்தில் நாற்பது அடி இருக்கிறது. வேர்ச்செடியும் குப்பைமேட்டுக் கன்று. அதை ஏழடியில் நிறுத்தி வைத்திருப்பது கத்தரி ஒன்றுதான்.

கவாத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். வங்கியில் மாந்தோப்புக் கடன் விண்ணப்பங்கள் பார்த்த காலத்தில் எல்லாத் திட்ட அறிக்கையிலும் ஒரே கணக்கு: பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், ஏக்கருக்கு 40 மரம். ஐந்து சென்டுக்கு அந்தக் கணக்கில் இரண்டே மரம். பத்தடிக்குப் பத்தடி வைத்தால் 21 வரும், வரப்பும் பாதையும் போக 15 என்று வைத்துக்கொள்ளலாம். நீலம் நாலு, ஊறுகாய் மரம் இரண்டு, செந்தூரா இரண்டு என்று ஒரு குடும்பத்துக்கு வைகாசியிலிருந்து ஆவணி வரை பழம் வரும். ஆனால் வருஷா வருஷம் வெட்டத் துணிவு வேண்டும். கிளையை வெட்ட மனசு வராதவர்கள் பத்தடி இடைவெளியில் நடவேண்டாம். ஆறாம் வருஷம் கிளையும் கிளையும் பின்னிக்கொண்டு உள்ளே வெளிச்சம் போகாமல் தத்துப்பூச்சி குடியேறிவிடும்.

நட்ட கன்று இடுப்பு உயரம் வந்ததும், தரையிலிருந்து இரண்டு அல்லது இரண்டேகால் அடியில் நுனியை வெட்டுங்கள். எங்கே வெட்டுகிறோம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாந்தண்டில் சில இடத்தில் இலைகள் வளையம் மாதிரி நெருக்கமாக இருக்கும், அதற்குக் கீழே தள்ளித் தள்ளி இருக்கும். வளையத்துக்கு மேலே வெட்டினால் ஒரே இடத்திலிருந்து ஏழெட்டுத் துளிர் குடைக்கம்பி மாதிரிக் கிளம்பும், காய்ப்பாரத்தில் அந்த இடம் பிளக்கும். வளையத்துக்குக் கீழே வெட்டினால் இடைவெளி விட்டு மூன்று நான்கு கிளை வரும். மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளுங்கள். அந்த மூன்றும் ஒன்றரை அடி வளர்ந்து முற்றினதும் மறுபடி வெட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று. ஒன்பது நுனி. இன்னொரு சுற்றில் 27. மாமரம் முற்றின கிளையின் நுனியில்தான் பூக்கும், ஆகவே நுனி எத்தனையோ அத்தனை பூங்கொத்துக்கு இடம். சின்ன மரத்தில் நிறையக் காய்க்க வைக்கிற ரகசியம் இந்தப் பெருக்கல்தான். முதல் இரண்டு வருஷம் வருகிற பூவைக் கிள்ளிவிட வேண்டும். இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், சமாளித்துக்கொள்ளுங்கள்.

காய்க்க ஆரம்பித்த பிறகு, பறித்து முடித்த கையோடு கவாத்து. தள்ளிப்போடக் கூடாது. ஆடி ஆவணியில் வெட்டினால் வருகிற தளிர் மார்கழிக்குள் முற்றிப் பூக்கும். கார்த்திகையில் வெட்டினால் பூக்க வேண்டிய நேரத்தில் இளந்தளிர் நிற்கும், அந்த வருஷக் காய் போய்விடும். நடுவில் நேராக ஓங்குகிற கிளையை அடியோடு எடுத்து உள்ளே வெயில் விழச் செய்யுங்கள். மற்ற நுனிகளை ஒன்று ஒன்றரை அடி குறைத்தால் போதும். கையை உயர்த்தினால் எட்டுகிற உயரம்தான் எல்லை. கட்டைவிரலைவிடப் பருத்த வெட்டுகளில் பசுஞ்சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசுங்கள்.

உரத்திலும் கை கொஞ்சம் அடங்க வேண்டும். நம்மில் பலருக்கு ஜீவாமிர்தம் கையில் இருந்தால் ஊற்றிக்கொண்டே இருக்கத் தோன்றும். கவாத்து முடிந்ததும் தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் கொடுத்து மூடாக்குப் போட்டுவிட்டால், பிறகு பூ வரும்வரை ஊட்டமும் தண்ணீரும் குறைவாகவே இருக்கட்டும். ஐப்பசிக்கு மேல் மழை போதும், பாசனம் வேண்டாம். ஈரமும் தழைச்சத்தும் மிஞ்சினால் மரம் பூப்பதை மறந்து இலை விடும். பூமொட்டு தெரியும்போது மூன்று சதப் பஞ்சகவ்யம் தெளிக்கலாம்.

மற்ற பழமரங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. கொய்யாவை ஒட்டுவதும் இதே ஆப்பு முறைதான், ஆனால் மாவைவிட ஆயிரம் மடங்கு பணிவான மரம். புதுத்தளிரிலேயே பூப்பதால் எப்போது வெட்டினாலும் அதற்கேற்ற மாதத்தில் காய்க்கும். லக்னோ ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டு, வெட்டி வெட்டியே வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். சின்ன இடத்துக்கு முதலில் கொய்யாவில் கை பழகுங்கள் என்றுகூடச் சொல்வேன். சப்போட்டாவுக்கு வேர்ச்செடி உலக்கைப்பாலை. அந்தக் கன்று வளரவே பொறுமை வேண்டும், அதை மட்டும் நர்சரியிலேயே வாங்கிக்கொள்ளலாம். எலுமிச்சைக்கு ஒட்டே தேவையில்லை, நல்ல தாய்மரத்து விதை போட்டாலே பெரும்பாலும் தாயைப் போல வரும்.

ஒட்டின அன்றே ஒவ்வொரு கன்றுக்கும் அடையாளம் கட்டுங்கள். காகிதமும் பேனா மையும் ஒரு மழைக்குத் தாங்காது. பழைய அலுமினியத் தகட்டைக் கீற்றாக வெட்டி, ஆணியால் அழுத்தி எழுதினால் இருபது வருஷம் இருக்கும். தாய்மரம் எந்த ஊர், யார் வீட்டு வாசல், ஒட்டின மாதம், வேர்ச்செடி எது என்று நான்கும் இருக்கட்டும். கம்பியைத் தண்டில் கட்டாமல் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி அதில் கட்டுங்கள், தண்டில் கட்டினால் பருக்கும்போது அறுத்துவிடும்.